திராட்சைத் தோட்டப் பாதையில் என்னோடு ஓடியவனுக்கு

மாப்ள,

இன்று காலை வண்டியின் முன்பெட்டிக்குள் டார்ச் லைட்டைத் தேடிக் கையை விட்டபோது உன் முட்டி உறை அகப்பட்டது. பழுப்பு நிறம் மங்கி, ஓரத்தில் நூல் பிரிந்து, இழுவை போய்த் தொளதொளவென்று கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். தைலமும் டீசலும் உன் வியர்வையும் இன்னும் அதில் இருந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த ஏலக்காட்டுப் பெண்களில் ஒருத்தி, டிரைவரண்ணன் எதை மோந்து பார்க்கிறார் என்று கேட்டாள். கிரீஸ் துணி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். கம்பம்மெட்டு ஏறி முடிக்கும்வரை அது என் மடியிலேயே கிடந்தது.

இந்த உறையைக் காணோம் என்று நீ என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? நான்தான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன் என்று ஜீப் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் குற்றம் சாட்டினாய். நான் சுருளி வேலப்பர் மேல் சத்தியம் செய்தேன். எங்கள் மாதா மேல் செய் என்றாய், அதையும் செய்தேன். என் வண்டியில் கழற்றிப் போட்டுவிட்டு உன் வண்டியில் தேடியிருக்கிறாய். இப்போது வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன். தீர்ப்பைக் கேட்டு முகத்தைத் தொங்கப்போட நீதான் இல்லை.

நம் உடம்பு கெட்டது ஒரே தொழிலால்தான். விடியுமுன்னே காமயகவுண்டன்பட்டியில் ஆட்களை ஏற்றி, மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வரை வண்டிக்குள்ளேயே சுருண்டு கிடந்து, மறுபடி அவர்களை ஊர் கொண்டுவந்து சேர்க்கிற பிழைப்பு. தார் ரோட்டில் போகிற வரைக்கும் சரி. தோட்டத்துக்குள் நுழைந்தால் பாறையும் பள்ளமும்தான். ஒவ்வொரு குலுக்கலும் என் முதுகுக்குப் போனது. க்ளட்சை மிதித்து மிதித்து உனக்கு இடது முட்டி போனது. எனக்கு முட்டி, உனக்கு முதுகு, ரெண்டையும் கழிச்சுட்டுச் சேர்த்தால் ஒரு நல்ல டிரைவர் தேறுவான் என்று நீ சொல்வாய்.

என் முதுகு முழுதாக மக்கர் பண்ணிய அந்த வாரம் உனக்குத் தெரியும். தேனியில் ஸ்கேன் எடுத்தோம். டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டியதில்லை, ஆனால் எடையைக் குறைத்து முதுகுக்கும் இடுப்புக்கும் பலம் ஏற்றாவிட்டால் இன்னும் கொஞ்ச வருஷத்தில் மலை ரோட்டில் வண்டி ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். எனக்கு வேறு தொழில் தெரியாது. பையன் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் பாயை விரித்துப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் வலிக்கும் என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. நீ வந்து தலைமாட்டில் நின்றாய்.

"வண்டிய சும்மா நிப்பாட்டி வச்சா பேட்டரிதான்டா எறங்கும். எந்திரி மச்சான், ஓடுவோம்" என்றாய்.

டாக்டர் நடக்கத்தான் சொன்னார், ஓடச் சொல்லவில்லை என்று என் வீட்டுக்காரி எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். நடப்பது ரிட்டையர் ஆனவர்கள் செய்கிற வேலை என்று அவள் வாயை அடைத்துவிட்டாய். உன் முட்டியை வைத்துக்கொண்டு நீ எதற்கடா ஓடவேண்டும், நான் மட்டும் ஓடிக்கொள்கிறேன் என்றேன். அதற்கு நீ சொன்ன பதிலை இன்றைக்கும் ஸ்டாண்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"ஒருத்தன் ஓடுனா நாய் விரட்டுதும்பாக. ரெண்டு பேரு சேந்து ஓடுனாத்தான்டா அது எக்சசைசு."

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பத்துக் கடையில் வாங்கிய புது ஷூவோடு நாம் ரோட்டில் இறங்கிய அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. குனிய முடியாத எனக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டது நீ. ஜீப் பம்பர் மேல் நான் காலைத் தூக்கி வைப்பேன், நீ முனகிக்கொண்டே கட்டுவாய். டீக்கடையில் இருந்தவர்கள் கல்யாணப் பெண்ணுக்கு மெட்டி போடுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். நீ கொஞ்சமும் கூச்சப்படாமல், முதலில் அட்சதையைப் போடுங்கள், அப்புறம் பேசுங்கள் என்றாய்.

நம் ஊரில் காரணமில்லாமல் யாரும் ஓடமாட்டார்கள் என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம். எதிரில் வந்தவர்கள் எல்லாம் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினார்கள். பின்னால் வந்த பைக்குகள் எல்லாம் வேகத்தைக் குறைத்து, ஏறிக்கொள்ளுங்கள், இறக்கிவிடுகிறோம் என்றன. வேண்டாம் வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் கையெடுத்துக் கும்பிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் உன்னைக் காணோம். யாரோ ஒருவருடைய டி.வி.எஸ். வண்டியின் பின்னால் உட்கார்ந்து என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாய். கேட்டதற்கு, கூப்பிட்டுவிட்டார்கள், மரியாதைக்கு ஏறினேன் என்றாய். உன் ஓட்டப் பயிற்சியின் முதல் நாள் அப்படி முடிந்தது.

ரோட்டில் ஓடினால் ஊர் விடாது என்று ஆனபிறகு உனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. அதைச் செய்ய இரண்டு ஜீப் டிரைவர்களால்தான் முடியும், வேறு யாருக்கும் புத்தி அப்படிப் போகாது. அன்று கேரளாவில் பந்த். எல்லைக்கு அப்புறம் வண்டி போகாது, நமக்கும் வேலையில்லை. மலை ரோடு காலியாகக் கிடக்கும், பார்க்க ஆளிருக்காது, அங்கே போய் ஓடுவோம் என்றாய். ஏற்றத்தில் ஓடுவதா என்று கேட்டேன். ஏற்றத்தில்தானே வண்டி முக்கும், இறக்கத்தில் எஞ்சினுக்கு என்ன வேலை, மேலே போய் இறங்கி ஓடிவருவோம், முதுகுக்கும் நோகாது முட்டிக்கும் நோகாது என்றாய். எனக்கும் அது பெரிய ஞானமாகத்தான் பட்டது.

உன் ஜீப்பிலேயே மேலே போனோம். செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஓரங்கட்டி நிறுத்தினாய். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. தென்னந்தோப்புகள், நெல் வயல்கள், நம் ஊர்த் திராட்சைப் பந்தல்கள், தூரத்தில் கம்பம். காற்று பின்னாலிருந்து தள்ளியது. மாப்ள, நான் அப்படி ஓடியது என் பள்ளிக்கூட நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான். வளைவுக்கு வளைவு நீ ஹாரன் அடிக்கிற மாதிரி வாயால் சத்தம் கொடுத்தாய். முதுகு இருப்பதே மறந்துவிட்டது. நமக்கு வயதே ஆகவில்லை என்று கத்திக்கொண்டு போனாய். நானும் நம்பினேன்.

அடிவாரத்துக்கு வந்து ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். தண்ணீர் எங்கே என்று கேட்டேன். ஜீப்பில் என்றாய். ஜீப் எங்கே என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. இரண்டு பேரும் மெல்லத் திரும்பி மலையைப் பார்த்தோம்.

அந்த நேரத்தில் நீ கோபப்பட்டிருக்கலாம், நான் உன்னைத் திட்டியிருக்கலாம். நீ ஆரம்பித்த சிரிப்பில் இரண்டும் நடக்கவில்லை. எழுந்திருக்கலாம் என்று காலை ஊன்றியபோதுதான் உன் முட்டி மடங்கவில்லை என்பது தெரிந்தது. எனக்கு இடுப்பிலிருந்து தொடை வரை பிடித்துக்கொண்டது. பந்த் நாளில் மேலே போகிற வண்டியும் கிடைக்கவில்லை. அப்புறம் ஸ்டாண்டுக்குப் போன் போட்டு, இன்னொரு டிரைவர் வந்து நம்மை அள்ளிப்போட்டுக்கொண்டு மலையேறினான். வண்டியை மேலே விட்டுவிட்டுக் கீழே ஓடிவந்த டிரைவர்கள் என்று கூடலூர் ஸ்டாண்டு வரைக்கும் நம் பேர் போனது. மறுநாள் தோட்டத்தில் நான் சீட்டை விட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஏலக்காட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூட்டையை இறக்குவதுபோல் என்னை இறக்கினார்கள்.

அப்படித்தான் கம்பத்தில் அந்தப் பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தோம். கேரளத்துக் கட்டப்பனையில் பிறந்து கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். நம்மை சேட்டா என்று கூப்பிட்டதில் நீ அன்று முழுவதும் மிதந்தாய். நடந்ததை எல்லாம் நீதான் சொன்னாய், ஜீப்பை மறந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு. அவர் உன் முட்டியை அழுத்திப் பார்த்தார். என்னைக் குனியச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார், விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். ஓடவே கூடாது என்று சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். உள்ளுக்குள் அப்படிச் சொல்லிவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

அவர் அப்படிச் சொல்லவில்லை. முட்டி வலியும் முதுகு வலியும் இருக்கிற எல்லாரும் ஓட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, ஆரம்பிக்கிற விதம்தான் முக்கியம் என்றார். இறக்கத்தில் ஓடும்போது உடம்பு தானாகக் கீழே போகப் பார்க்கும், ஒவ்வொரு அடியிலும் அதைப் பிடித்து நிறுத்துவது முட்டியும் முன்தொடையும்தான், அந்த அதிர்ச்சி முதுகுக்கும் போகும் என்று பொறுமையாக விளக்கினார். நீ சட்டென்று என் பக்கம் திரும்பினாய்.

"மச்சான், பிரேக்க மிதிச்சுக்கிட்டே மலை எறங்கிருக்கமடா. லைனிங் கருகாம என்ன செய்யும்?"

இத்தனை வருஷம் மலையில் வண்டி ஓட்டியவர்கள் நாம். ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும், பிரேக்கை நம்பி இறங்கக்கூடாது என்று புதுப் பையன்களுக்கு வகுப்பெடுத்தவர்கள். சொந்த உடம்பு என்று வந்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று.

அதற்கப்புறம் டாக்டரம்மா சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். முதலில் வலியில்லாமல் வேகமாக நடந்து பழகினோம். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் தூக்குவது என்று வீட்டில் செய்ய வேண்டியதும் இருந்தது. தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டு வண்டிக்குள் சுருண்டு கிடந்த நேரத்தில் தார்ப்பாயை விரித்து நாம் இடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தோம். எஸ்டேட் கணக்குப்பிள்ளை பார்த்துவிட்டு இரண்டு பேருக்கும் வலிப்பு என்று ஓடிவந்தார். ஓடும்போது சின்னச் சின்ன அடியாக வைக்கச் சொன்னார் டாக்டரம்மா. மறுநாள் காலையில் போய்விடுகிற வலி பரவாயில்லை, காலையிலும் இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், கால் மரத்துப்போனாலோ கரண்ட் அடிப்பதுபோல் வலி காலுக்கு இறங்கினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார். நடுவில் ஓய்வு நாள் கட்டாயம் வேண்டும் என்றதும் உனக்கு ஏக சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவனுக்கு அது முன்னாடியே தெரியும், ஆண்டவரே ஓய்வெடுத்தார் என்றாய்.

சமதளமாக மண் பாதை வேண்டும் என்றார் அவர். அது உன் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தது. உங்கள் மாதா கோயில் தெருவின் கடைசி வீடு உன்னுடையது. அதை ஒட்டித் திராட்சைத் தோட்டங்களுக்குள் போகிற வண்டிப்பாதை. தோட்டத்து மோட்டார்களுக்குப் போகும் கரண்ட் கம்பங்கள் பாதை ஓரமாகவே நின்றன. ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதற்கப்புறம் இரண்டு கம்பம் நடை என்று நீ சட்டம் போட்டாய். ஓட்டத்தில் நீ முந்துவாய், நடையில் நான் முந்துவேன். பந்தலுக்கு மருந்தடித்த நாளில் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு போவோம். பழம் பறிக்கிற நாளில் தோட்டக்காரர்கள் கூப்பிட்டுப் பன்னீர் திராட்சைக் கொத்து கொடுப்பார்கள். அன்றைக்கு மட்டும் உனக்கு நடைக் கம்பங்கள் அதிகமாகிவிடும்.

எத்தனை வாரம் ஆயிற்றென்று நான் எண்ணவில்லை. நடைக் கம்பம் ஒன்றானது, அப்புறம் கடைசி மோட்டார் அறை வரைக்கும் நிற்காமல் போனோம். ஒருநாள் சாயங்காலம் நீ வீட்டுக்குள்ளிருந்து வரத் தாமதமானது. வாசலில் நின்றிருந்தவன் என்னை அறியாமல் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டேன். நிமிர்ந்தால் நீ நிலைப்படியில் நிற்கிறாய். அந்த முகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை மாப்ள. நம் சிநேகிதத்தில் நீ வாய்மூடி நின்றது அந்த ஒரு தரம்தான். பிறகு உன் இரண்டு காலையும் முன்னால் நீட்டி, இத்தனை நாள் கட்டினதுக்குப் பதிலாக இனிமேல் எனக்கும் நீயே கட்டு என்றாய். கட்டிவிட்டேன். அப்போது எனக்கு உன்னை எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். டிரைவர்கள் அதெல்லாம் பேசிக்கொள்வதில்லை.

போன ஐப்பசி மழையில் எனக்கு ஒரு வார வண்டி ஓட்டம் மதுரைக்குக் கிடைத்தது. நான் ஊரில் இல்லாத அந்த வாரத்தில்தான் உனக்குக் காய்ச்சல். கெண்டைக்கால் இரண்டும் கட்டையாக வலிக்கிறது என்றாயாம். சனிக்கிழமை தனியாகக் கொஞ்சம் கூட ஓடிவிட்டேன், அந்த வலிதான் என்று நீயே வைத்தியமும் சொல்லிக்கொண்டாயாம். தைலம் தேய்த்துக்கொண்டு பூசைக்கு நொண்டிக்கொண்டே போயிருக்கிறாய். கண் சிவந்து, உடம்பு மஞ்சளாகி, தேனிக்குக் கொண்டுபோனபோது எலிக்காய்ச்சல் என்றார்கள். தேங்கின தண்ணீரிலும் ஓடையிலும் காலை வைக்கிறவர்களுக்கு மழைக்காலத்தில் வருவதுதான் என்றார்கள். நீ எஸ்டேட் ஓடையில் இறங்கி வண்டி கழுவுகிறவன். நான் மதுரையிலிருந்து வந்து ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் வீட்டுக்காரி கீழே இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன்னை அடக்கத்துக்கு மாதா கோயிலுக்குத் தூக்கிப்போனபோது ஊர் ஒரு தீர்ப்பைச் சொல்லி முடித்திருந்தது. நல்லா இருந்த மனுசன், ஓடி ஓடி உடம்பை உருக்கிவிட்டார் என்று என் காதுபடப் பேசினார்கள். வயசான காலத்தில் முட்டியை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வேலை என்றார்கள். ஓட்டத்துக்கு இழுத்தது யார் என்ற கேள்வி மட்டும் என்னைப் பார்த்ததும் நின்றுபோகும். என் வீட்டுக்காரி ஷூவை எடுத்துப் பரண்மேல் போட்டாள். ஓடினதில் ஒருத்தர் போனது போதும் என்றாள். காய்ச்சலில்தான் போனாய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், உன் கெண்டைக்கால் வலியை நீ ஓட்டத்தின் தலையில் கட்டிய அந்த இரண்டு நாளையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். உன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா நீ?

ஓட்டம் நின்றது. தார்ப்பாயில் இடுப்பைத் தூக்குவதும் நின்றது. தோட்டத்தில் மறுபடி வண்டிக்குள் சுருண்டு கிடக்க ஆரம்பித்தேன். முதுகு முதலில் காலையில் மட்டும் பிடித்தது, அப்புறம் பகலிலும் பிடித்தது. பங்குனியில் ஒருநாள், வண்டி நிறையப் பெண்களோடு மலை இறங்கும்போது, வளைவுக்கு முன்னால் க்ளட்சில் இருந்த என் கால் மரத்துவிட்டது. மிதிக்கிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. எப்படியோ ஓரங்கட்டிக் கை பிரேக்கை இழுத்தேன். வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. அந்தப் பெண்கள் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தார்கள். பிள்ளை குட்டிக்காரிகள் மாப்ள, அத்தனை பேரும்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனேன். பரிசோதித்துவிட்டு, ஸ்கேனையும் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்றும் கெடவில்லை, சேர்த்து வைத்த பலம்தான் போய்விட்டது என்றார். கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். அந்தச் சேட்டா எங்கே என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கட்டில் விரிப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தார். காய்ச்சலோடு வருகிற கெண்டைக்கால் வலி வேறு, ஓடின வலி வேறு, ஆனால் அது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும், உங்களுக்கும் எப்படித் தெரியும் என்றார். எனக்கு அன்றைக்குத்தான் அழுகை வந்தது. இத்தனை நாள் அழாததெல்லாம் சேர்ந்து அந்த அறையில் வந்தது.

பரணிலிருந்து ஷூவை இறக்கியதும் வீட்டில் ஒரே சண்டை. கால் மரத்த கதையை அதுவரை அவளிடம் மறைத்திருந்தேன், அன்று சொன்னேன். மலை ரோட்டில் இன்னொரு தரம் அப்படி ஆனால் நான் மட்டும் சாகமாட்டேன் என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நடந்தேன், படுத்து இடுப்பைத் தூக்கினேன், கால் மரப்பு முற்றிலும் போனபிறகு மெல்ல ஓட்டத்தைத் தொட்டேன். ஜீப்பையும் திரும்ப எடுத்தேன். ஆனால் ஓடியது கம்பம் போகிற தார் ரோட்டில். திராட்சைத் தோட்டப் பாதைக்குப் போகவேண்டுமானால் உன் வீட்டைத் தாண்ட வேண்டும். தங்கச்சி வாசலில் நிற்கும்போது ஷூவை மாட்டிக்கொண்டு அவள் கண்முன்னால் எப்படி ஓடுவது? அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை.

போன வாரம் அவளே ஸ்டாண்டுக்கு வந்தாள். மிளகாய்ப்பொடி அரைத்துவிட்டு வருகிறவள் போல, கையில் தூக்குவாளியோடு. தார் ரோட்டில் ஓடுகிறீர்களாமே, முதுகுக்கு ஆகாதே என்று கேட்டாள். மண் பாதை சேறாகக் கிடக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்க இப்பிடிச் சுத்திப் போறதப் பாத்துட்டு, ஊரு சொல்றது சரிதான்னு எங்க மாமியாளே பேசுறாகண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு ஓட்டம்னா உசுரு. அதப் போயி அவுகளக் கொன்னுச்சுன்னு நான் கேட்டுக்கிட்டே இருக்கணுமா?"

தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் உங்கள் கோயில் தெருவுக்குப் போனேன். தெரு முழுவதும் வாசலில்தான் உட்கார்ந்திருந்தது. என் ஷூவைப் பார்த்ததும் பேச்சு அடங்கியதைக் கவனித்தேன். யாரும் ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. துணையில்லாமல் ஓடும்போது வேகம் கைமீறும், ஓடிக்கொண்டே வாய்விட்டுப் பேச முடிகிற வேகம்தான் உங்களுக்குச் சரி என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். யாரோடு பேச என்று கேட்டதற்கு, அது உங்கள் இஷ்டம் என்றார். ஆகவே உன்னோடு பேசிக்கொண்டே ஓடினேன். பஸ் கட்டணம் ஏறியதை, பையனுக்கு வேலை கிடைத்ததை, நம் ஸ்டாண்டில் உன் இடத்தில் இப்போது யார் வண்டி நிறுத்துகிறான் என்பதையெல்லாம் சொன்னேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று கூட அவர்கள் நினைத்திருப்பார்கள்.

உன் வீட்டை நெருங்கியதும் என் வாய் நின்றுவிட்டது. கால் மட்டும் ஓடியது. தங்கச்சி வாசலில் நின்றாள், பக்கத்தில் உன் அம்மா, இன்னும் அண்டை வீட்டுப் பெண்கள். ஒருத்தி அவளிடம் என்னமோ கேட்டாள், எனக்குக் காதில் விழவில்லை. தங்கச்சி சொன்ன பதில் விழுந்தது. தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரும் இப்பிடித்தான் இங்கன ஓடுவாக. காய்ச்சல்லதான் போனாக."

உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள், அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்து, மெதுவாப் போப்பா என்றார்கள். நான் மண் பாதைக்குள் திரும்பினேன். பந்தலில் புதுக் கொழுந்து விட்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் எனக்குப் பேச்சு திரும்ப வந்தது, தங்கச்சி சொன்னதை அப்படியே உன்னிடம் சொன்னேன். இனி நான் ஓடுகிற நாள்வரைக்கும் அதைச் சுமந்துகொண்டுதான் ஓடுவேன் மாப்ள. முதுகுக்கு அது பாரமாகத் தெரியவில்லை.